பாலியல் நலம் பேசும் நகரக்கதை: ராமநாதபுரம் கரையில் வைத்து எழுதுவது எப்படி?

தேவிபட்டினம்_கரை

எல்லோருக்கும் வணக்கம். ராமநாதபுரம் டவுனை வைத்து ஒரு தொடர்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மொபைல் கடையில் வேலை பார்க்கும் வளர்மதி, பாம்பனில் விசைப்படகு ஓட்டும் அவள் அண்ணன், கணவனை வளைகுடாவுக்கு அனுப்பிவிட்டுக் கீழக்கரையில் தையல் தைக்கும் அவள் தோழி பரக்கத். காதல் உண்டு, குடும்பம் உண்டு, டவுன் லாட்ஜும் உண்டு. படித்து முடிப்பவர் கையில் பாலியல் நலம் பற்றிச் சரியான செய்திகள் சில இருக்க வேண்டும் என்பது என் ஆசை. அதை எப்படிச் செய்வது என்று பேசத்தான் இந்த இழை.

ஏன் இந்த ஆசை என்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் ஒரு பையனுக்கு இந்த விஷயத்தில் முதல் வாத்தியார் கட்டணக் கழிப்பறைச் சுவர்தான். ‘ஆண்மைக் குறைவா? நரம்புத் தளர்ச்சியா?’ என்று அங்கே நோட்டீஸ் ஒட்டியிருக்கும். அடுத்த வாத்தியார், மாதத்தில் குறிப்பிட்ட தேதிகளில் லாட்ஜில் ரூம் போட்டு உட்காரும் வைத்தியர். தூக்கத்தில் விந்து வெளியேறுவது உடம்பின் இயல்பு, கைப்பழக்கத்தால் நரம்பு தளராது. இந்த இரண்டு வரியைச் சொல்ல ஆளில்லாததால் கல்யாணம் நிச்சயமான பையன்கள் கடன் வாங்கி லேகியம் வாங்குகிறார்கள். பெண்கள் பக்கம் வேறு மாதிரி. வெள்ளைப்படுவது என்றாலே எலும்பு உருகுகிறது என்ற பயம். மாதச் சுழற்சியில் தெளிவாக, வாடையில்லாமல் படுவது இயல்பானது. அரிப்பு, துர்நாற்றம், நிறமாற்றம், அடிவயிற்று வலி இருந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். இது தெரியாமல் ஒருத்தி வருஷக்கணக்கில் பயந்து கிடப்பாள், இன்னொருத்தி நிஜமான தொற்றை ‘உடம்புச் சூடு’ என்று வெந்தயம் குடித்துத் தள்ளிப்போடுவாள்.

என் மனதில் ஓடும் ஒரு வழி இது. பாலியல் நலத்தில் முக்கியமான செய்திகள் பெரும்பாலும் நாள் கணக்காகவும் மணிக் கணக்காகவும் இருக்கின்றன. எச்ஐவி தொற்றியிருக்குமோ என்று சந்தேகப்படும்படி ஏதாவது நடந்தால் தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். மறுநாளே ரத்தம் கொடுத்துப் பார்த்தால் அந்தத் தொற்று தெரியாது. ஆய்வகத்தில் செய்யும் புதிய வகைப் பரிசோதனை பெரும்பாலும் 45 நாளில் காட்டிவிடும், விரல் நுனி ரத்தத்தில் செய்யும் பரிசோதனையை உறுதியாக நம்ப 90 நாள் ஆகலாம். சிஃபிலிஸ் புண் வர ஏறத்தாழ 3 வாரம். கதையும் நேரத்தோடு நடக்கும் போராட்டம்தானே? 90 நாள் காத்திருக்க வேண்டிய ஒருவன், அந்த 90 நாளும் வீட்டில் மனைவியிடம் என்ன சாக்குச் சொல்வான்? இந்தக் கேள்வியை வைத்து ஒரு அத்தியாயமே எழுதலாம், நடுவில் எந்த டாக்டரும் பிரசங்கம் செய்யத் தேவையில்லை.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். குறிப்பாக மருத்துவத் துறையில் இருப்பவர்களும் கடல் தொழிலில் இருப்பவர்களும்.

பரமக்குடி_பிழைதிருத்தி

நல்ல இழை. இணையத் தொடர்கதைகளைத் திருத்திக் கொடுப்பது என் வேலை, அந்த அனுபவத்திலிருந்து இரண்டு விஷயம் சொல்கிறேன்.

முதலாவது, வெள்ளைக் கோட்டுப் போட்ட பாத்திரம் வந்தால் உடனே ஒரு பக்கத்துக்கு வசனம் ஆரம்பமாகிவிடுகிறது. ‘இதோ பாருப்பா, எச்ஐவி நான்கு வழிகளில் பரவும்’ என்று. வாசகி விரலால் தள்ளிக்கொண்டு போய்விடுவாள். கேட்பவருக்கு உயிர் போகிற அவசரம் இருந்தால்தான் பதில் மனதில் நிற்கும். அதுவும் முழுப் பதிலும் ஒரே மூச்சில் வரக்கூடாது. பாதியைக் கவுன்சிலர் சொல்லட்டும், மீதியை அவன் பஸ்ஸில் போகும்போது போனில் தேடித் தப்பாகப் புரிந்துகொள்ளட்டும், பிறகு ஒரு இடத்தில் சரியாகட்டும். தப்பாகப் புரிந்தது அத்தியாயக் கடைசியில் தொங்கிக்கொண்டு நிற்கக் கூடாது என்பதில் மட்டும் நான் கறாராக இருப்பேன். தொடரைப் பாதியில் விடுபவர்கள் நிறையப் பேர், அவர்கள் அந்தத் தப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போவார்கள்.

இரண்டாவதுதான் எனக்கு முக்கியம். நம் கதைகளில் எச்ஐவி வந்தவன் கெட்டவனாகவே இருக்கிறான், கடைசியில் செத்தும் போகிறான். நோயை எழுத்தாளர் கொடுக்கும் தண்டனையாக எழுதும் பழக்கம் இது. இந்தியாவில் முதல் எச்ஐவி தொற்றுகள் கண்டறியப்பட்டது நம் சென்னையில்தான், 1986இல். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் பாலியல் தொழிலாளிகளின் ரத்த மாதிரிகளைச் சேகரித்து, வேலூருக்குக் கொண்டுபோய்ப் பரிசோதித்தார்கள். அன்றைக்கு அதற்கு மருந்து கிடையாது. இன்றைக்கு நிலைமை முழுக்க வேறு. ஆனால் நம் கதைகள் அந்தக் காலத்துப் பயத்திலேயே நிற்கின்றன. 2000களின் தொடக்கத்தில் ஊரெல்லாம் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று விளம்பரம் வைத்தார்களே, அதைப் பற்றிப் பேசாத டீக்கடை இல்லை. ஒரே ஒரு கேள்வியை வைத்து ஊரைப் பேசவைக்க முடியும் என்பதை அது காட்டியது. வீட்டில் பிள்ளைகள் சத்தமாகக் கேட்டபோது பெரியவர்கள் அதட்டினார்கள், அதுவும் நடந்தது. கதையில் அந்தக் கேள்விக்கு அடுத்த படி வேண்டும்: வந்துவிட்டது, சரி, அப்புறம் அவன் எப்படி வாழ்கிறான்?

மண்டபம்_செவிலி

அந்த ‘அப்புறம்’ பற்றி நான் சொல்கிறேன். இதைத் தப்பாக எழுதிய கதைகளைப் படித்து மனம் நொந்திருக்கிறது.

அரசு மருத்துவமனையில் எச்ஐவி பரிசோதனை நடக்கும் இடத்துக்கு நம் ஊரில் நம்பிக்கை மையம் என்று பெயர். உள்ளே போனவுடன் ஊசி குத்த மாட்டார்கள். முதலில் கவுன்சிலர் தனியாக உட்காரவைத்துப் பேசுவார், எதற்காக வந்தீர்கள் என்று கேட்பார், சம்மதம் வாங்குவார். காசு கிடையாது. முதல் கிட்டில் தொற்று இருப்பதாகக் காட்டினால் அதோடு முடிவு சொல்லிவிட மாட்டார்கள். வேறு வேறு வகையான மூன்று கிட்டுகளில் பார்த்து, மூன்றிலும் வந்தால்தான் உறுதி. முடிவையும் கவுன்சிலர்தான் தனியாகச் சொல்வார். வார்டு நடுவில் டாக்டர் உரக்கச் சொல்வதும் உறவினர்கள் ஒதுங்கி ஓடுவதும் சினிமாவுக்கு வேண்டுமானால் சரி. 2017இல் வந்த எச்ஐவி எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. சம்மதமில்லாமல் பரிசோதிக்கக் கூடாது, ஒருவருடைய நிலையை அவர் அனுமதியில்லாமல் வெளியே சொல்லக் கூடாது, வேலையிலோ சிகிச்சையிலோ ஒதுக்கக் கூடாது. உங்கள் கதையில் யாராவது இதை மீறினால் அது குற்றம் என்று இன்னொரு பாத்திரத்துக்காவது தெரிந்திருக்கட்டும்.

உறுதியானால் அடுத்தது கூட்டு மருந்து சிகிச்சை மையம். முன்பெல்லாம் எதிர்ப்புச் சக்தி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்துத்தான் மருந்து தொடங்குவார்கள். 2017 முதல் யாருக்கு உறுதியானாலும் மருந்து உண்டு. டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, தினமும் ஒரு வேளை. ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அந்த நிலையிலேயே நீடித்தால் உடலுறவு மூலம் துணைக்குப் பரவாது. இதை இன்னும் எத்தனை பேர் நம்பவில்லை தெரியுமா? கல்யாணம், குழந்தை எல்லாம் உண்டு. சிகிச்சையே இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம் வரை. சரியான சிகிச்சை இருந்தால் அது 5 சதவீதத்துக்குக் கீழே வந்துவிடும். இப்படிப் பிறந்து, தொற்று இல்லாமல் ஓடி விளையாடும் ஒரு குழந்தையைக் கதையில் கொண்டுவாருங்கள் தம்பி. அந்த ஒரு குழந்தை போதும், வேறு வசனமே வேண்டாம்.

கீழக்கரை_லாத்தா

பரக்கத் பாத்திரம் என்றதும் எழுத வந்துவிட்டேன். எங்கள் ஊர்ப் பெண்களை எழுதுகிறவர்கள் ஒன்று அழவைப்பார்கள், இல்லை கணவனை வில்லனாக்குவார்கள். இரண்டும் வேண்டாம்.

சபர் (வெளிநாட்டு வேலைக்கு) போனவர் இரண்டு மாத லீவில் வருகிறார். வீடு முழுக்கச் சொந்தக்காரர், சாக்லேட் பங்கு, விருந்து. அவர் வந்து கொஞ்ச நாளில் மனைவிக்கு அரிப்பும் வாடையும் ஆரம்பிக்கிறது. யாரிடம் சொல்வாள்? லேடி டாக்டரிடம் போனால் மாமியார் கூடவே உள்ளே வந்து உட்காருகிறார். டாக்டர் ‘என்னம்மா பிரச்சினை?’ என்று கேட்க, இவள் ‘தலைவலி’ என்று சொல்லிவிட்டுத் தலைவலி மாத்திரையோடு திரும்பி வருகிறாள். இந்தக் காட்சியை எழுதுங்கள். அந்த டாக்டர் விவரமானவராக இருந்து, ‘பிரஷர் பார்க்கணும், நீங்க கொஞ்சம் வெளியில இருங்கம்மா’ என்று மாமியாரை அனுப்பினால் போதும். படிக்கிற டாக்டர்களும் கற்றுக்கொள்வார்கள்.

அப்புறம் ஆணுறை. கல்யாணமானவள் கணவனிடம் அதைக் கேட்டால் ‘என்னைச் சந்தேகப்படுறியா?’ என்ற பேச்சு வந்துவிடும். அதனால் கேட்பதே இல்லை. பிள்ளை இடைவெளிக்காக என்று சொல்லிக் கேட்பாள் புத்திசாலி. அந்த உரையாடல் நாலைந்து தடவை தடுமாறி, சண்டையாகி, சிரிப்பில் முடிவதாக எழுதலாம். எல்லாத் தொற்றும் வெளியிலிருந்து வருவதில்லை என்பதையும் சேர்க்க வேண்டும். பூஞ்சைத் தொற்று சர்க்கரை வியாதியாலோ, ஆன்டிபயாடிக் சாப்பிட்டதாலோகூட வரும். அதற்குப் போய்க் கணவன்மேல் பழி போட்டு ஒரு குடும்பம் உடைவது அநியாயம். அதேசமயம் நிஜமான பால்வினைத் தொற்றாக இருந்தால் இருவருக்கும் சேர்த்துத்தான் மருந்து. ஒருவர் மட்டும் சாப்பிட்டால் மறுபடி வரும். கணவன் மருந்து சாப்பிட மறுத்து ஃப்ளைட் ஏறிவிட்டால்? அது கதை.

இன்னொன்று, வளைகுடா விசாவுக்கு மெடிக்கல் உண்டு. எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி எல்லாம் அதில் பார்ப்பார்கள். பயத்தில் ஏஜெண்டிடம் காசு கொடுத்து முன்கூட்டியே ரகசியமாகப் பார்த்துக்கொள்ள அலைகிறவர்கள் இருக்கிறார்கள். நம்பிக்கை மையத்தில் எச்ஐவியை இலவசமாகவே பார்க்கலாம் என்பது உங்கள் கதை மூலம் தெரியட்டும்.

விசைப்படகு_மகன்

அண்ணே, கேட்டால் கோபித்துக்கொள்ளக் கூடாது. மீனவன் என்றால் குடிகாரன், கரைக்கு வந்தால் நோயோடு வருவான் என்று எழுதுகிறவர்களைப் பார்த்துச் சலித்துவிட்டது. வளர்மதியின் அண்ணன் அப்படி ஆகிவிடக் கூடாது.

தொழில் விஷயம் சரியாக இருக்க வேண்டும். ராமேஸ்வரம், மண்டபம் பக்கத்து விசைப்படகு இன்று போனால் மறுநாள் காலை கரைக்கு வந்துவிடும். மாசக்கணக்கில் கடலில் கிடப்பது இங்கே கிடையாது. எங்கள் ஆட்கள் வீட்டை விட்டு நாள்கணக்கில் இருப்பது வேறு காரணத்தால். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மே முடியும்வரை மேற்குக் கரையில் தடை தொடங்கியிருக்காது. அதனால் கொச்சி, மங்களூர் பக்கம் போட்டுக்கு (விசைப்படகுக்கு) கூலியாகப் போகிறவர்கள் உண்டு. அங்கே லாட்ஜ், நண்பர்கள், கையில் காசு. திரும்பி வரும்போது இங்கே தடை முடிந்து படகு கட்டியிருக்கும் கயிற்றை அவிழ்க்கிற நேரம். நீங்கள் சொன்ன 45 நாள் இதற்குள் முடிந்துவிடுகிறது, கவனித்தீர்களா? ஏப்ரல் கடைசியில் ஏதோ நடந்து பயந்தவன், ஊர் திரும்பிய கையோடு பரிசோதனைக்குப் போகலாம். ஆனால் போட்டு கடலுக்குப் போகிற முதல் நாள், டோக்கன் வாங்கணும், ஐஸ் ஏற்றணும். டிரைவர் இல்லாமல் போட்டு நகராது. ஆஸ்பத்திரியா, கடலா?

இன்னொரு சந்தேகம். எங்கள் பையன்கள் தொடர்கதை படிக்கிற ஆட்கள் இல்லை. காதால் கேட்பார்கள். பாம்பனில் 90.4 கடல் ஓசை பண்பலை மீனவர்களுக்காகவே நடக்கிறது. உங்கள் கதையை ஒலி நாடகமாக மாற்றும்படி எழுதினால் வலை பின்னிக்கொண்டே கேட்பார்கள். அதற்கு வசனம் அதிகமாக, வர்ணனை குறைவாக வேண்டும்.

தேவிபட்டினம்_கரை

தம்பி, அந்த ஜூன் 14 இரவை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். லாத்தா, மாமியார் காட்சிக்கு நன்றி, உங்கள் அனுமதியோடு எழுதுகிறேன்.

வளர்மதிக்காக எழுதிய ஒரு துண்டை இங்கே போடுகிறேன். அவளுக்கு 24 வயது. சனிக்கிழமை இரவு ஆணுறை கிழிந்துவிட்டது. இது திங்கள் காலை.

*மருந்துக்கடையில் மூன்று பேர் நின்றார்கள். அவர்கள் போகட்டும் என்று வளர்மதி ஓரமாக நின்றாள். அவர்கள் போனதும் இரண்டு பேர் வந்தார்கள். சனி ராத்திரி பதினொன்று. ஞாயிறு ராத்திரி பதினொன்றுக்கு இருபத்து நாலு. இப்போது மணி பத்து. முப்பத்தைந்து.*

*‘என்னம்மா வேணும்?’*

*போனில் எழுதி வைத்திருந்த பெயரைக் காட்டினாள். கடைக்காரர் படித்துவிட்டு அவள் கழுத்தைப் பார்த்தார்.*

*‘அதெல்லாம் நாங்க வைக்கிறதில்லம்மா.’*

*‘எங்க கிடைக்கும்?’*

*‘தெரியாது.’ அடுத்த ஆளைப் பார்த்தார். ‘உங்களுக்கு?’*

*அவள் நகராமல் நின்றாள். பிறகு, எதுவும் வாங்காமல் போனால் அவர் நினைவில் நின்றுவிடுவோம் என்று தோன்றி, ஒரு பாக்கெட் நாப்கின் கேட்டாள். அவர் அதைத் தினத்தாளில் சுற்றி, கறுப்புக் கவரில் போட்டு, கவுண்ட்டருக்கு அடியிலிருந்து நீட்டினார்.*

இதற்குப் பிறகு அவள் எங்கே போக வேண்டும்? மருந்து விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பார்மசிஸ்ட்_உச்சிப்புளி

தமிழ்நாட்டில் பெரும்பாலான மருந்துக்கடைகளில் அந்த அவசரக் கருத்தடை மாத்திரை இருக்காது, நீங்கள் எழுதியது நிஜம். சென்னையை வைத்து எழுதும் கதைகளில்கூட நாயகி சட்டென்று வாங்கி முழுங்குவாள், அது வேறு மாநிலத்தில் நடக்கலாம்.

அவள் போக வேண்டிய இடம் அரசு மருத்துவமனையின் குடும்பநலப் பிரிவு, அல்லது ஒரு மகப்பேறு டாக்டர். மாத்திரை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. நேரம் தாண்டிவிட்டாலும் ஒரு வழி இருக்கிறது, இது பலருக்குத் தெரியாது: ஐந்து நாளுக்குள் காப்பர்-டி போட்டால் அதுவும் கர்ப்பத்தைத் தடுக்கும், மாத்திரையைவிட அதிக பலன். ஆக, உங்கள் கதையில் செவ்வாய் இரவோடு முடிந்த கெடுவுக்கு அப்புறமும் வியாழன்வரை நம்பிக்கை உண்டு.

அவள் மனதில் ஓடும் பயங்களையும் தெளிவாக்குங்கள். இந்த மாத்திரை கருக்கலைப்பு மாத்திரை அல்ல. கருமுட்டை வெளியாவதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். ஏற்கெனவே கரு தங்கியிருந்தால் அதை ஒன்றும் செய்யாது. பிற்காலத்தில் குழந்தை பிறக்காமல் போகாது. ஆனால் நோய்த்தொற்றைத் தடுக்காது, வழக்கமான கருத்தடைக்கும் பதில் அல்ல.

ஒருவேளை கர்ப்பம் என்றே ஆகிவிட்டால், கள்ளத்தனமாகக் கருக்கலைப்பு மாத்திரை வாங்கி வீட்டில் சாப்பிட்டு ரத்தப்போக்கோடு ஆம்புலன்ஸில் போகும் காட்சியைத் தயவுசெய்து ‘பாவத்தின் சம்பளம்’ மாதிரி எழுதாதீர்கள். 2021இல் திருத்திய சட்டப்படி 20 வாரம் வரையிலும், சில பிரிவினருக்கு 24 வாரம் வரையிலும் பதிவுபெற்ற டாக்டரிடம் கலைக்கலாம். திருமணமாகாதவருக்கும் இடமுண்டு. 18 வயது முடிந்த பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும், கணவன் கையெழுத்தோ அப்பா கையெழுத்தோ சட்டம் கேட்கவில்லை. பெயரையும் வெளியிடக் கூடாது. நடைமுறையில் ‘வீட்ல யாரையாவது கூட்டிட்டு வா’ என்று சொல்லும் இடங்கள் இருக்கின்றன. சட்டம் தெரிந்த ஒரு தோழி பக்கத்தில் இருந்தால் அங்கே என்ன பேசுவாள் என்பதை எழுதுங்கள்.

ஆர்எஸ்மங்கலம்_வாசகி

எல்லோரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள், நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். கதை எதற்குப் பாடம் நடத்த வேண்டும்? எனக்கு வளர்மதியைப் பிடித்தால் படிப்பேன். அவளை வைத்து எனக்குச் சுகாதாரத் துறை வகுப்பு எடுத்தால் பிடிக்காது. இத்தனை சட்டமும் இத்தனை நாள் கணக்கும் ஒரே கதையில் வந்தால் அவள் மனுஷியாக இருப்பாளா?

இன்னொரு விஷயம். என் மகள் பத்தாம் வகுப்பு. என் போனில்தான் அவளும் படிக்கிறாள்.

பரமக்குடி_பிழைதிருத்தி

நீங்கள் சொல்வதில் பாதிக்கு நான் கை தூக்குகிறேன். ஒரு கதைக்கு ஒரு நோய், ஒரு கெடு போதும். மேலே வந்த அத்தனையையும் ஒரே தொடரில் திணித்தால் அது கையேடு ஆகிவிடும். எழுதுபவருக்கு எல்லாம் தெரிந்திருக்கட்டும், வாசகிக்கு அந்த அத்தியாயத்துக்கு வேண்டியது மட்டும் போகட்டும்.

ஆனால் கதை பாடம் நடத்துவதில்லை என்பதை ஏற்க மாட்டேன். நம் தொடர்கதைகளில் மிரட்டிக் கல்யாணம் செய்து, கதவைச் சாத்தி, அவள் அழ அழ நெருங்கும் நாயகன் எத்தனை பேர்? பத்தாவது அத்தியாயத்தில் அவள் அவனைக் காதலிக்கவும் தொடங்கிவிடுகிறாள். அதைப் படிக்கும் பெண்ணும் ஒரு பாடம் படிக்கிறாள், சம்மதம் ஒரு பொருட்டே இல்லை என்று. பாலியல் நலம் என்றால் நோய் மட்டுமா? வளர்மதியின் காதலன் ‘வேண்டாமா? சரி’ என்று சொல்லிவிட்டு இயல்பாக டீ போடப் போகட்டும். அதில் காதல் குறையாது. எழுதத் தெரிந்தவர் எழுதினால் கூடும்.

மண்டபம்_செவிலி

வாசகி அக்காவின் மகள் விஷயம் சரியான கவலை. நெருக்கமான காட்சிகளில் எல்லோரும் 18 வயது தாண்டியவர்களாக இருக்க வேண்டும், அதில் விவாதமே வேண்டாம். 18க்குக் கீழே என்றால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வரும், தெரிய வந்த டாக்டர் தகவல் தெரிவித்தே ஆக வேண்டும். ஆனால் மாதவிடாய், உடல் வளர்ச்சி, ‘யாராவது தொட்டால் யாரிடம் சொல்வது’ என்பதெல்லாம் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிய வேண்டியதே. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் அவளுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். வன்முறைக்கு ஆளான யாருக்கும் எந்த மருத்துவமனையும், தனியாராக இருந்தாலும், உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் என்று 2013 முதல் சட்டம் இருக்கிறது. போலீஸ் புகார் வந்த பிறகுதான் பார்ப்போம் என்று சொல்ல முடியாது.

ஒரு கதை, ஒரு நோய் என்றால் நான் சிஃபிலிஸைச் சொல்வேன். உங்கள் லாட்ஜ் வைத்தியர் ஏன் ஜெயிக்கிறார் என்பதற்கு அதில் விடை இருக்கிறது. முதல் கட்டத்தில் வரும் புண் வலிக்காது. மருந்தே போடாவிட்டாலும் மூன்று முதல் ஆறு வாரத்தில் தானாக ஆறிவிடும். அவன் லேகியம் சாப்பிட்டான், புண் ஆறியது, வைத்தியர் கைராசிக்காரர் என்று இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போகிறான். கிருமி உள்ளே இருக்கிறது. கொஞ்ச நாள் கழித்து உள்ளங்கை, உள்ளங்காலில் தடிப்பு வரும். உப்புத் தண்ணி, வெயில் என்று நினைப்பான், அதுவும் மறைந்துவிடும்.

பிறகு கல்யாணம். மனைவி மாசமாகி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிக்மி எண் (கர்ப்பிணிப் பதிவு எண்) போட்டு, ரத்தம் எடுக்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கு எச்ஐவியோடு சிஃபிலிஸும் பார்ப்பது வழக்கம். வாழ்க்கையில் ஒரு தப்பும் செய்யாதவள், தன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். கவனிக்காமல் விட்டால் குழந்தை வயிற்றிலேயே இறக்கலாம், குறையோடு பிறக்கலாம். ஆனால் கண்டுபிடித்தாகிவிட்டது. பென்சிலின் ஊசி, அரசு மருத்துவமனையிலேயே கிடைக்கும் பழைய, விலை குறைந்த மருந்து. அவனுக்கும் போட வேண்டும். அவனை எப்படி வரவழைப்பது? அவள் என்ன சொல்லிக் கூப்பிடுவாள்? அவள் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாளா, ஊசி போட்டு முடிக்கும்வரை பேச்சைத் தள்ளிவைப்பாளா? உங்கள் தொடரின் பின்பாதி முழுக்க இதிலேயே ஓடும்.

விசைப்படகு_மகன்

செவிலி அக்கா, இது வளர்மதியின் அண்ணனுக்குத்தான் பொருந்தும். அவன் கெட்டவனாகத் தெரியவில்லை, ஏமாந்தவனாகத் தெரிகிறான். பாம்பன் பாலத்தடியில் உட்கார்ந்து கூட்டாளியிடம் அவன் முதலில் சொல்வதாக வைக்கலாம் அண்ணே. ஆம்பிளைகள் இதைப் பொண்டாட்டியிடம் சொல்வதற்கு முன்னாடி இன்னொரு ஆம்பிளையிடம்தான் சொல்வார்கள். அந்தக் கூட்டாளி சிரித்துவிட்டால் எல்லாம் கெட்டது. சிரிக்காமல் ‘வா, நானும் கூட வர்றேன்’ என்று பைக்கை எடுத்தால் கதை திரும்பிவிடும்.

கீழக்கரை_லாத்தா

அந்த மனைவியை உடனே மன்னிக்க வைத்துவிடாதீர்கள். ஊசிக்குச் சம்மதிப்பது வேறு, மன்னிப்பது வேறு. அவள் குழந்தைக்காக அவனைக் கூட்டிக்கொண்டு போவாள், பஸ்ஸில் வேறு சீட்டில் உட்காருவாள்.

ஆர்எஸ்மங்கலம்_வாசகி

இந்தக் கதை என்றால் நான் படிப்பேன். என் மகளுக்கும் பரக்கத்தும் மாமியாரும் டாக்டரிடம் போகிற அத்தியாயத்தைக் கொடுப்பேன்.

தேவிபட்டினம்_கரை

அண்ணனின் கதையை நடு நூலாக வைத்துக்கொள்கிறேன். வளர்மதியின் 72 மணி நேரம் மூன்று அத்தியாயத்தில் முடிந்துவிடும். பரக்கத்தின் கதையைத் தனித் தொடராக எழுதலாம் என்று தோன்றுகிறது, லாத்தா உதவ வேண்டும். எச்ஐவியை இந்தக் கதையில் அண்ணன் பயப்படும் விஷயமாக மட்டும் வைக்கிறேன். அவனுக்கு அது இல்லை என்று வந்தாலும் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்வார்கள் அல்லவா, அந்தக் காத்திருப்பு போதும்.

ஒரு கேள்வி. ஒவ்வொரு அத்தியாயத்தின் கீழும் உதவி எண்களைப் போடலாமா?

பரமக்குடி_பிழைதிருத்தி

கீழே போட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். காட்சிக்குள் வையுங்கள். எச்ஐவிக்கான 1097 கட்டணமில்லா எண், ஆஸ்பத்திரிச் சுவரில் எழுதியிருக்கும். அண்ணன் டோக்கன் வரிசையில் நிற்கும்போது பொழுதுபோகாமல் அதையே படித்துக்கொண்டு நிற்கட்டும். பிறகு ஒருநாள் ராத்திரி நடுக்கடலில் சிக்னல் இல்லாத இடத்தில் அவனுக்கு அந்த எண் ஞாபகம் வரட்டும். கரைக்கு வந்ததும் கூப்பிடுவான்.

தேவிபட்டினம்_கரை

இது நன்றாக இருக்கிறது. செவிலி அக்கா, கடைசியாக ஒன்று. அண்ணனும் கூட்டாளியும் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குள் நுழைகிறார்கள். ஓ.பி. சீட்டு கொடுக்கும் இடத்தில் ‘எதுக்கு வந்தீங்க?’ என்று கேட்டால் அத்தனை பேர் முன்னால் என்ன சொல்வான்?

மண்டபம்_செவிலி

‘தோல் டாக்டரைப் பார்க்கணும்’ என்று சொன்னால் போதும், அந்தப் பிரிவில்தான் பால்வினை நோய்களையும் பார்ப்பார்கள். அதற்கென்று சுகவாழ்வு மையம் என்ற பெயரில் தனி இடமும் உண்டு. அங்கிருந்தே எச்ஐவி பரிசோதனைக்கு நம்பிக்கை மையத்துக்கு அனுப்புவார்கள். கூட்டாளி வெளியில் பெஞ்சில் உட்காரலாம். கவுன்சிலர் அறைக்குள் அண்ணன் மட்டும். காலையில் எட்டு மணிக்கே வரச் சொல்லுங்கள், பதினொன்றுக்கு மேல் வந்தால் அன்றைக்குள் எல்லாம் முடிவது கஷ்டம். எழுதி முடித்ததும் அந்த அத்தியாயத்தை எனக்கு அனுப்புங்கள் தம்பி, பார்த்துத் தருகிறேன்.